வைகாசிக் காற்றில் விழுந்த நாரைக் குஞ்சு

கூந்தன்குளம் போவதென்றால் தை, மாசியில் போங்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். அப்போது குளம் நிறைந்து கிடக்கும். இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்துகள் இறங்கியிருக்கும். பூநாரைகள் நிற்கும். வெயிலும் தாங்கும்படி இருக்கும். நான் வைகாசியில் போனேன். அது மரத்திலிருந்து குஞ்சுகள் விழும் மாதம். விழுந்த குஞ்சை எடுத்து, இரை கொடுத்து, தேற்றிப் பறக்கவிடும் ஊர் என்று கூந்தன்குளத்தைப் பற்றிப் பல காலமாகக் கேள்விப்பட்டிருந்தேன். அந்த வேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பதற்காகவே அந்தப் பயணம்.

திருநெல்வேலியிலிருந்து மூலைக்கரைப்பட்டி வழியாகப் போனால் நாற்பது கிலோமீட்டருக்குள் ஊர் வந்துவிடுகிறது. பாளையங்கோட்டையைத் தாண்டியதும் நிலம் சிவக்கத் தொடங்கும். பனை, உடைமரம், நடுநடுவே கிணற்றுப் பாசனத்தில் நிற்கும் வாழை. அந்த மாதத்தில் இந்தச் சீமையை ஆள்வது காற்றுதான். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நெருக்கிப் புகுந்து, இந்தப் பக்கம் சமவெளியில் பாய்கிறது. பணகுடி, வள்ளியூர் வட்டாரத்தில் இத்தனை காற்றாலைகள் நிற்பதும் அதனால்தான். ஆனி, ஆடியில் அது உச்சத்துக்குப் போகும். வைகாசியிலேயே பேருந்தின் சன்னலோரம் உட்கார முடியாதபடி புழுதியை வாரி இறைத்தது. பனை ஓலைகள் எல்லாம் ஒரே திசையில் சாய்ந்து இரைந்துகொண்டிருந்தன.

அந்தக் காற்று வீசத் தொடங்கும் காலமும் கூடுகளில் குஞ்சுகள் பாதி வளர்ந்து நிற்கும் காலமும் ஒன்றாக வந்து சேருவதுதான் கூந்தன்குளத்துச் சிக்கல். மார்கழி, தை வாக்கில் பறவைகள் கூடு கட்டத் தொடங்குகின்றன. முந்திக் கட்டியவற்றின் குஞ்சுகள் பங்குனி, சித்திரையிலேயே பறந்துவிடும். பிந்திக் கட்டியவற்றின் குஞ்சுகள் காற்றில் மாட்டிக்கொள்ளும்.

ஊருக்குள் நுழையும்போது முதலில் காதுக்கு வந்தது குஞ்சுகளின் இரைச்சல். கூந்தன்குளத்தில் பறவைகள் குளத்தில் மட்டும் வாழ்வதில்லை. வீட்டுக் கொல்லையில் நிற்கும் வேம்பிலும் புளியிலும் பூவரசிலும் கூடு கட்டியிருக்கின்றன. ஒரு வீட்டின் முற்றத்தில் பெண்கள் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே வேப்பமரத்தில் மஞ்சள் மூக்கு நாரைகளின் கூடுகள். எச்சம் விழாத இடமாகப் பார்த்துப் பாயை நகர்த்திப் போட்டார்களே தவிர, மரத்தை நிமிர்ந்து பார்த்து ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. தெருவெங்கும் மீன்வாடையும் எச்ச வாடையும் கலந்து அடித்தது. வெளியூர்க்காரர்களுக்கு அது பழகச் சிறிது நேரம் ஆகும்.

திண்ணையில் இருந்த ஒரு ஆச்சியிடம், இந்த வாடையோடு எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"பிள்ளப்பேறுக்கு வந்த மகள வாட அடிக்குன்னு தொரத்துவாளா ஒருத்தி? அதது பெத்து எடுத்துக்கிட்டுப் போற வரைக்கும் நாமதான பாக்கணும்" என்றார்.

அந்தப் பேச்சு வெறும் நயத்துக்காகச் சொல்வது இல்லை. ஊர் அப்படித்தான் நடந்துகொள்கிறது. தீபாவளிக்கு இங்கே வெடி வெடிப்பதில்லை. கூடுள்ள மரத்தில் கிளை வெட்டுவதில்லை. பதிலுக்குப் பறவைகளும் ஊருக்குக் கொடுக்கின்றன. எச்சம் கரைந்த குளத்து நீர் வயலுக்குப் போகிறது. குளம் வற்றியதும் அள்ளும் வண்டல் நல்ல உரம். இந்த உறவு நேற்று முளைத்ததும் இல்லை. கூந்தன்குளத்தில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுவதைப் பற்றிய குறிப்பு 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்துவிட்டது. அரசு இதைச் சரணாலயமாக அறிவித்தது 1994இல். ராம்சர் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற செய்தி வந்தது 2022இல். அரசாணைக்கும் பன்னாட்டுப் பட்டியலுக்கும் வெகுகாலம் முன்பே ஊர் தன் காவலைத் தொடங்கியிருந்தது.

குளத்தங்கரைக்குப் போனேன். மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வரும் தண்ணீரை நம்பிய குளம் இது. வைகாசியில் தண்ணீர் நடுவே ஒடுங்கி, ஓரங்களில் சேறு வெடிக்கத் தொடங்கியிருந்தது. குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்கள் எச்சத்தால் வெளுத்துப்போயிருந்தன. கிளைக்குக் கிளை கூடு. நீர்க்காகம், வக்கா, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், கூழைக்கடா. எல்லாவற்றுக்கும் மேலே, உச்சிக் கிளைகளில் மஞ்சள் மூக்கு நாரைகள்.

இந்த நாரை இரை தேடும் விதத்தைச் சற்று நின்று பார்த்தால், குளம் வற்றுவது குஞ்சை ஏன் பாதிக்கிறது என்பது விளங்கிவிடும். முழங்காலளவு தண்ணீரில் இறங்கி, நீண்ட அலகைப் பாதி திறந்தபடி நீருக்குள் விட்டு, பக்கவாட்டில் அரித்துக்கொண்டே நடக்கிறது. மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பதில்லை. அலகில் மீன் பட்ட நொடியில் அலகு மூடிக்கொள்கிறது. இந்த முறைக்கு ஆழம் குறைந்த, மீன் நெருங்கிய தண்ணீர் வேண்டும். பக்கத்துக் குளங்களும் வற்றிவிட்டால் நாரை வெகுதூரம் போக வேண்டியிருக்கும். திரும்பி வர நேரமாகும். கூட்டில் பசி கூடும். ஒரு கூட்டில் மூன்று நான்கு குஞ்சுகள் இருந்தால் பெரியது முந்தித் தின்னும். சின்னது ஓரத்துக்குத் தள்ளப்படும். அந்த நேரம் பார்த்துக் காற்றும் வீசினால் ஓரத்தில் நிற்பது கீழே வரும்.

என்னோடு பறவைக் காவலர் ஒருவர் வந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர். ஊர்க்காரர். தோளில் ஒரு துண்டு, கையில் ஒரு பழைய சாக்கு. காற்று பலமாக அடித்த அன்று காலையில் அவர் நடை, மரங்களின் அடியை மட்டுமே பார்த்துக்கொண்டு போகும் நடையாக இருந்தது. நான் மேலே பார்த்துக்கொண்டே போனேன். அவர் என் கையைத் தொட்டு நிறுத்தினார்.

"அண்ணாச்சி, காலுகிட்ட பாருங்க. மிதிச்சிராதீங்க."

காய்ந்த எச்சமும் சுள்ளியும் கிடந்த தரையில் அழுக்கு வெள்ளையாக ஏதோ கிடந்தது. கழுத்தைத் தரையோடு நீட்டி, சிறகைப் பரப்பி, அசைவே இல்லாமல். செத்துவிட்டது என்றே நினைத்தேன்.

"சாவல. நடிக்கி" என்றார் அவர்.

நாரைக் குஞ்சுக்கு ஆபத்து நெருங்கினால் தெரிந்த தற்காப்பு அது. கூட்டோடு கூடாக அப்பிக் கிடக்கும். மேலே வட்டமிடும் பருந்தின் கண்ணிலிருந்து தப்ப அது உதவலாம். தரையில் நாய்க்கும் கீரிக்கும் முன்னால் அந்த நடிப்பு எடுபடாது. காவலர் சாக்கை மெல்ல அதன்மேல் போட்டு, சிறகோடு சேர்த்து அணைத்துத் தூக்கினார். உடனே அது கழுத்தை உதறி இரண்டு மீன்களைக் கக்கியது. பாதி செரித்த கெண்டை.

"நல்லதாப் போச்சு. காலைல தாய் வந்து குடுத்துட்டுப் போயிருக்கு. விழுந்து ரொம்ப நேரம் ஆகல" என்றார். பயத்தில் கக்குவது இந்தக் குஞ்சுகளின் இயல்பு. கக்கியதைப் பார்த்தே அதன் வயிற்றுக் கதையை அவர் படித்துவிட்டார்.

அடுத்து அவர் செய்தது அண்ணாந்து பார்த்ததுதான். இது எந்தக் கூட்டுக் குஞ்சு, திரும்ப வைக்க வழியுண்டா? விழுந்த குஞ்சைக் கண்டவுடன் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. தாயைவிட நன்றாக ஊட்டும் மனிதர் யாரும் இல்லை. கூடு எட்டும் உயரத்தில் இருந்தால் குஞ்சைத் திரும்ப வைத்துவிட்டு விலகிவிடுவதுதான் சிறந்த சிகிச்சை. மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று ஊரெங்கும் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது உண்மை இல்லை. வாசனையை வைத்துக் குஞ்சை ஒதுக்கிவைக்கும் வழக்கம் பறவைகளுக்கு இல்லை. கை பட்ட குஞ்சுக்கும் தாய் இரை கொடுக்கும்.

ஆனால் இந்தக் கூடு கருவேலத்தின் உச்சியில், முள்ளுக்கு நடுவே இருந்தது. ஏறினால் பக்கத்துக் கூடுகளில் உள்ள குஞ்சுகள் மிரண்டு அவையும் குதிக்கும். ஒன்றைக் காப்பாற்றப் போய் நான்கை இழக்க நேரும். நாரை தரையில் இறங்கி வந்து குஞ்சுக்கு ஊட்டவும் ஊட்டாது. கூட்டில் இருப்பதுதான் அதற்குப் பிள்ளை. இருபதடி கீழே கிடப்பதைத் தேடி வரும் பழக்கம் அதற்கு இல்லை. ஆகவே இது உண்மையிலேயே வழி தப்பிய குஞ்சு. எடுத்துத்தான் ஆக வேண்டும்.

மூன்று வார வயது இருக்கலாம் என்றார் காவலர். உடலெங்கும் வெள்ளைத் தூவி. சிறகின் ஓரத்தில் கறுப்பு ஊசி இறகுகள் உறையோடு நீட்டிக்கொண்டிருந்தன. வளர்ந்த நாரைக்குள்ள மஞ்சள் அலகும் செம்மஞ்சள் முகமும் வாலருகே இளஞ்சிவப்பு இறகும் இதற்கு இன்னும் வரவில்லை. அலகு கருமையாக இருந்தது. எழுந்து நிற்கத் தெரியாமல் கணுக்காலை மடக்கி உட்கார்ந்தது. கால் முறிவு, சிறகு முறிவு, காயம், எறும்பு எல்லாவற்றையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

நான் தண்ணீர் புட்டியை எடுத்து நீட்டினேன், குஞ்சைக் கழுவித் துடைக்க வேண்டியிருக்குமோ என்று. அவர் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "வாய்க்குள்ள ஒண்ணு காட்டுதேன் பாருங்க" என்று குஞ்சின் அலகைப் பக்கவாட்டில் பிடித்து மெல்லத் திறந்தார்.

நாக்கு மிகச் சிறியது. அதன் வேருக்குச் சற்றுப் பின்னால், வாயின் அடித்தளத்திலேயே, நீளவாக்கில் ஒரு சிறு பிளவு. அது திறந்து திறந்து மூடியது. குஞ்சு மூச்சு விடும் தாளத்துக்கு அந்தப் பிளவு அசைந்துகொண்டிருந்தது. அதுதான் மூச்சுக்குழாயின் வாசல். நமக்கு இருப்பதுபோல அதை மூடிக் காக்கும் குரல்வளை மூடி பறவைக்கு இல்லை. அலகைத் திறந்து மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் அது நேராக அந்த வாசலில்தான் விழும். நுரையீரலுக்குள் நீர் போன குஞ்சு பிழைப்பது அரிது. "பாவம்னு தண்ணி ஊத்துதவங்க கையிலதான் பாதிக் குஞ்சு சாவுது" என்றார் அவர். பாசம் இருந்தும் பக்குவம் இல்லாததால் நேரும் சாவு அது. மீன் தின்னும் பறவைக்கு வேண்டிய நீர் பெரும்பாலும் மீனிலேயே இருக்கிறது. மீனைத் தண்ணீரில் நனைத்துக் கொடுத்தால் போதும்.

குஞ்சைச் சாக்கில் பொதிந்து, கரையோரம் இருந்த பராமரிப்பு இடத்துக்குக் கொண்டுபோனோம். கம்பிவலை அடித்த கூண்டு. பாதி நிழல், பாதி வெயில். உள்ளே காய்ந்த வைக்கோல். ஏற்கெனவே விழுந்து வந்த நாரைக் குஞ்சுகள் சிலவும் கூழைக்கடாக் குஞ்சு ஒன்றும் இருந்தன. எங்களைக் கண்டதும் நாரைக் குஞ்சுகள் தலையை ஆட்டி ஆட்டிக் கரகரத்தன. வளர்ந்த நாரைக்கு இந்தக் குரல் இருக்காது. அது அலகைத் தட்டித்தான் பேசும். குரல் எழுப்பிக் கேட்பது குஞ்சுப் பருவத்தோடு சரி.

உடனே மீன் போடுவார் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. புதுக் குஞ்சைத் தனியாக ஒரு கூடையில், நிழலில் வைத்து, துணியால் மூடினார். பயம் அடங்க வேண்டும், உடம்பு தன் சூட்டுக்கு வர வேண்டும். அதன்பிறகுதான் இரை. உடல் குளிர்ந்த குஞ்சுக்கு இரை செரிக்காது, உள்ளேயே கெட்டுப்போய்க் கொன்றுவிடும் என்று விளக்கினார். எந்தக் குஞ்சானாலும் வரிசை இதுதான்: முதலில் அமைதி, அடுத்து சூடு, கடைசியில் சாப்பாடு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

அந்த இடைவெளியில் மீன் தயாரானது. விரல் நீளக் கெண்டையும் சின்ன ஜிலேபியும். ஜிலேபியின் முதுகு முள்ளைக் கத்தரியால் ஒட்ட நறுக்கினார். கெளுத்தி ஒன்று கலந்து வந்திருந்தது. அதன் இரு பக்க முள்ளும் தொண்டையைக் கிழித்துவிடும் என்று தனியே எடுத்துப் போட்டார். மிச்சத்தைத் தண்ணீரில் அலசி ஒரு அகலத் தாம்பாளத்தில் வைத்தார்.

வாயைத் திறந்து ஊட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் தாம்பாளத்தைக் குஞ்சின் முன் வைத்து, ஒரு கெண்டையை ஓரடி உயரத்திலிருந்து அதில் போட்டார். சொத்தென்று விழுந்தது. குஞ்சு பார்த்தது. இன்னொன்று விழுந்தது. கழுத்தை முன்னே நீட்டியது. மூன்றாவது மீன் விழுந்து துள்ளியதும் அலகால் கவ்வியது. குறுக்காக இருந்த மீனை இரண்டு உதறலில் தலைப்பக்கம் உள்ளே போகும்படி திருப்பிக்கொண்டு, கழுத்தை உயர்த்தி விழுங்கியது. மெல்லிய கழுத்தில் ஒரு புடைப்பு வழுகி இறங்குவதைப் பார்த்தேன். பிறகு அது தயங்கவே இல்லை. அடுத்ததையும் அதற்கடுத்ததையும் தானே எடுத்தது.

"தாய் வாய்ல ஊட்டாது, அண்ணாச்சி. கூட்டுக்கு வந்து மொத்தமாக் கக்கும். குஞ்சுவ கீழ கெடக்கத எடுத்துத் தின்னும். நாமளும் அப்பிடித்தான் போடுதோம். அது தாய் வந்துட்டுன்னு நெனைக்கி."

கூந்தன்குளத்தில் நான் கற்ற பாடம் முழுவதும் அந்தப் பேச்சில் இருந்தது. குஞ்சுக்கு ஊட்டுவது என்றால் அதன் தாய் எப்படி ஊட்டுகிறது என்று தெரிந்து அப்படியே செய்வது. பக்கத்தில் இருந்த கூழைக்கடாக் குஞ்சுக்குத் தாம்பாளம் ஆகாது. அது தாயின் பைக்குள், தொண்டைவரை தலையை நுழைத்து இரை எடுத்துப் பழகியது. அதற்கு வாளியில் மீன் வைத்திருந்தார்கள். தலையை முழுக்க உள்ளே விட்டுத் தின்றது. புறாக்குஞ்சு தாயின் வாய்க்குள் தன் அலகைச் செருகி, தாயின் தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற பொருளைக் குடிக்கும். சிட்டுக்குருவிக் குஞ்சு வாயைப் பிளந்து காட்டும். தாய் புழுவையும் பூச்சியையும் அந்த வாய்க்குள் ஆழமாக வைக்கும். வளர்ந்த குருவி தானியம் தின்றாலும் குஞ்சுக்குக் கொடுப்பது பூச்சிதான். இவை எதற்கும் பசும்பால் பொருந்தாது. பாலைச் செரிக்கும் வயிறு பறவைக்கு இல்லை. பாலில் தோய்த்த ரொட்டியும் பிஸ்கட்டும் அன்பின் பெயரால் நாம் கொடுக்கும் நோய்.

கூந்தன்குளத்தில் விழுந்த குஞ்சுகளைப் பற்றி யார் பேசினாலும் பால்பாண்டியின் பெயர் வந்துவிடுகிறது. இந்த ஊர்க்காரர். நெடுங்காலம் இங்கே பறவைக் காவலராக இருந்தவர். அவரும் அவர் மனைவி வள்ளித்தாயும் காற்றில் விழுந்த குஞ்சுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் மீன் கொடுத்து வளர்த்தார்கள். அவரைப் பற்றி நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் சொன்ன பிறகு வெளியுலகில் பலர் இந்த ஊரின் பெயரை அறிந்தார்கள். ஏட்டுக் கல்வியைவிட, கூட்டின் கீழே நின்று பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அவர்களுடையது. என்னோடு வந்த காவலரின் விரல்களிலும் அதே அறிவு இருந்தது.

கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்துக் கொக்கரே பெல்லூரிலும் இதே வேலை நடக்கிறது. அங்கும் கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊர் நடுவே புளியிலும் அத்தியிலும் கூடு கட்டுகின்றன. ஊர் இளைஞர்கள் 'ஹெஜ்ஜார்லே பளகா' என்று அமைப்பு வைத்து, விழுந்த குஞ்சுகளைக் கூண்டில் சேர்த்து மீன் கொடுத்து வளர்க்கிறார்கள். கூடுள்ள மரத்தின் சொந்தக்காரருக்கு வனத்துறை ஈட்டுத்தொகை கொடுக்கிறது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே நானூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். மொழி வேறு. ஆனாலும் ஒரே தேவை இரண்டு ஊருக்கும் ஒரே வழியைக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

மாலையில் கூண்டருகே போனபோது புதுக் குஞ்சு மற்றவற்றோடு சேர்க்கப்பட்டிருந்தது. கூட்டமாக வளர்ப்பதிலும் காரணம் உண்டு. தனியாக வளரும் குஞ்சு ஊட்டுகிறவரையே தன் இனம் என்று எண்ணத் தொடங்கும். 1973இல் நோபல் பரிசு பெற்ற கொன்ராட் லோரன்ஸ், முட்டையிலிருந்து வந்ததும் தன்னையே பார்த்த வாத்துக் குஞ்சுகள் தன்னைத் தாயென்று தொடர்ந்து வந்ததை உலகுக்குக் காட்டினார். அது காணச் சுவையான காட்சி. ஆனால் பிற்பாடு காட்டில் வாழ வேண்டிய பறவைக்கு அது கேடு. மனிதரைக் கண்டு பயப்படாத நாரை அடுத்த குளத்தில் கல்லடி படும். அதனால்தான் காவலர் அந்தக் குஞ்சைக் கொஞ்சவில்லை, பெயர் வைக்கவில்லை, தேவைக்கு மேல் தொடவும் இல்லை. மீனைப் போட்டார், விலகி நின்றார். கூண்டுக்குள் கைவிட்டு அதைத் தடவ வேண்டும் என்று எனக்கு இருந்த ஆசையை அவர் முகத்தைப் பார்த்தே அடக்கிக்கொண்டேன்.

முட்டையிலிருந்து வந்து ஏறக்குறைய இரண்டு மாதத்தில் இந்த நாரை பறக்கத் தயாராகிறது. சிறகு முற்றியதும் கூண்டைத் திறந்துவிடுவார்கள். சில நாள்கள் கரையிலேயே சுற்றும், மீன் தட்டுக்குத் திரும்பி வரும். பிறகு சேற்றில் இறங்கி அலகை நீரில் விட்டுப் பழகும். ஒருநாள் கூட்டத்தோடு போய்விடும். எல்லாம் பிழைப்பதில்லை என்பதையும் காவலர் மறைக்காமல் சொன்னார். உள்காயம் பட்டவை மூன்றாம் நாள் போய்விடும். பிழைத்தது நான்கு வயது வாக்கில் தானே கூடு கட்டும். அது எந்தக் குளத்து மரத்தில் என்று யாரும் கூடவே போய்ப் பார்க்க முடியாது. அப்படிப் பார்க்க முடியாத ஒன்றுக்காக இந்த மனிதர்கள் வருடா வருடம் வைகாசிப் புழுதியில் குனிந்து நடக்கிறார்கள்.

திரும்பும் வழியில் நாங்குநேரியில் பேருந்துக்காகக் காத்திருந்தேன். தேநீர்க் கடைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் சின்னக் கூட்டம். நடுவே ஒரு மைனாக் குஞ்சு. ஒரு சிறுமி அதைக் கையில் எடுத்து வைத்திருந்தாள். கடைக்காரர் ஒரு மூடியில் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"பாவம், கூட்டுலருந்து விழுந்துட்டு" என்றார் ஒருவர்.

அந்தக் குஞ்சை நன்றாகப் பார்த்தேன். உடல் முழுக்க இறகு மூடியிருந்தது. வால் மட்டும் குட்டை. சிறுமியின் விரலை இறுகப் பற்றி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. இது விழுந்த குஞ்சு இல்லை. பறக்கப் பழகுவதற்காகத் தானே கூட்டைவிட்டு இறங்கிய குஞ்சு. இந்தப் பருவத்தில் சில நாள்கள் தரையிலும் தாழ்ந்த கிளையிலும் தத்தித் தத்தித் திரிவது மைனாவுக்கு இயல்பு. தாயும் தகப்பனும் பக்கத்திலேயே இருந்து இரை கொடுத்துக்கொண்டிருக்கும். அண்ணாந்து பார்த்தால் மின்கம்பியில் இரண்டு மைனாக்கள் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தன.

"பாப்பா, அதோட அம்மா அங்கதான் இருக்கு பாரு. நாம தள்ளி நின்னா அதுவே வரும்" என்றேன். சிறுமி ஒரு கணம் யோசித்துவிட்டு, நாய்க்கு எட்டாத ஒரு கிளையில் குஞ்சை உட்காரவைத்தாள். எல்லோரும் கடை நிழலுக்கு நகர்ந்தோம். தேநீர் ஆறுவதற்குள் ஒரு மைனா இறங்கி வந்து, அலகில் இருந்த வெட்டுக்கிளியைக் குஞ்சின் வாய்க்குள் திணித்துவிட்டுப் போனது. சிறுமி கைதட்டினாள். கடைக்காரர் பாலைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றினார்.

ஒரே நாளில் பார்த்த இரண்டு குஞ்சுகளுக்கும் தேவை நேர் எதிரானது. நாரைக் குஞ்சை எடுக்காவிட்டால் செத்திருக்கும். மைனாக் குஞ்சை எடுத்துப்போயிருந்தால் செத்திருக்கும். இரக்கம் இரண்டு இடத்திலும் இருந்தது. வேறுபாட்டைச் சொன்னது அறிவுதான். இரக்கம் மட்டும் போதும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்வரை, நம் கையில் வந்து சேரும் குஞ்சுகள் செத்துக்கொண்டேதான் இருக்கும்.

உங்கள் வீட்டு வாசலிலும் ஒரு குஞ்சு வந்து விழும். அன்று இவற்றை நினைவில் வையுங்கள். இறகு மூடி, தத்தித் திரிகிறது என்றால் பூனைக்கும் நாய்க்கும் எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள். இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். கூடு கலைந்துபோயிருந்தால், அடியில் ஓட்டையிட்ட சிறு கூடையில் காய்ந்த புல்லை வைத்து, கூடு இருந்த கிளைக்குப் பக்கத்திலேயே கட்டிவிடுங்கள். தாய் வருகிறதா என்று தூரத்திலிருந்து பாருங்கள். வரவில்லை, அல்லது குஞ்சு காயம் பட்டிருக்கிறது என்றால், காற்றுத் துளையுள்ள அட்டைப் பெட்டியில் துணி விரித்து, வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்து, இருட்டும் அமைதியுமான இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். பால் கொடுக்காதீர்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். தாமதிக்காமல் பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்கோ கால்நடை மருத்துவருக்கோ சொல்லுங்கள். வளர்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருப்பது குற்றம்.

பிள்ளைகளுக்கு விடுமுறை விடும்போது ஒருமுறையாவது கூந்தன்குளத்துக்கு அழைத்துப் போங்கள். தை மாதத்து வாத்துகளைக் காட்டுங்கள். முடிந்தால் வைகாசிக் காற்றிலும் ஒருமுறை போய், மரத்தடியைப் பார்த்து நடக்கும் அந்தக் காவலர்களையும் காட்டுங்கள். ஓர் உயிருக்கு எப்படி உதவுவது என்பதைப் பிள்ளைகள் அவர்களிடம் கற்றுக்கொள்ளட்டும்.